இடுப்புக்குழியில் தோன்றும் தீங்கற்ற நரம்புக் கட்டிகளைக் கண்டறிதல்: படிப்படியான முழுமையான வழிகாட்டி

சினைப்பைக் கட்டி என்று எழுதப்பட்ட ஸ்கேன் அறிக்கையை நம்பி வயிற்றைத் திறந்த பின், இரண்டு சினைப்பைகளும் பழுதின்றி இருக்க, கட்டி அவற்றுக்குப் பின்னால் எலும்பை ஒட்டி இருப்பதைக் கண்டதாகக் கூறும் நோயாளி விவரங்கள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வெளியாகின்றன. இடுப்புக்குழியில் தோன்றும் தீங்கற்ற நரம்புக் கட்டிகள் அரியவை என்பது இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கட்டி எந்த இடத்தில், எதிலிருந்து கிளம்பியிருக்கிறது என்பதைத் தீர்மானிக்காமலே அதற்குப் பெயர் வைத்துவிடுவதுதான். ஆகவே இந்த வழிகாட்டி இடம், நரம்பு, வகை என்ற வரிசையில் செல்கிறது. இது பயிற்சி மருத்துவர்களையும், தம் அறிக்கையைப் புரிந்துகொள்ள விரும்பும் நோயாளிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முடிவெடுக்க வேண்டியவர் நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே.

எந்தக் கட்டிகள், எந்த இடத்தில்

நரம்பிழைகளைச் சுற்றி உறை அமைக்கும் ஷ்வான் செல்களிலிருந்து தோன்றுவது ஷ்வானோமா. இது பெரும்பாலும் ஒற்றைக் கட்டியாக, தெளிவான உறையுடன், நரம்பின் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற அளவில் மெதுவாக வளரும். இதன் வழக்கமான இடங்கள் தலை, கழுத்து, கை கால்களின் மடக்குப் பக்கம் ஆகியவை. இடுப்புக்குழியில் தோன்றுவது மிகக் குறைவு. நியூரோபைப்ரோமா நரம்பிழைகளுக்கு இடையே ஊடுருவி வளர்வது. அதற்கு உறை இல்லை, நரம்பிலிருந்து அதைத் தனியே உரித்தெடுக்கவும் எளிதில் இயலாது. கேங்ளியோநியூரோமா, இதயத் துடிப்பு, வியர்வை போன்றவற்றை நம் விருப்பமின்றியே இயக்கும் பரிவு நரம்புத் தொடரிலிருந்து தோன்றுவது. சிறுவர்களிலும் இளம் வயதினரிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. நரம்புக் கற்றையின் உறைச் செல்களிலிருந்து தோன்றும் பெரிநியூரியோமாவும் கலப்பு வகைகளும் இவற்றைவிட அரியவை.

இவை பெரும்பாலும் வளர்வது, மலக்குடலுக்குப் பின்னும் திரிக எலும்புக்கு முன்னும் உள்ள இடைவெளியில். முதுகெலும்பின் அடியில், வால் எலும்புக்கு மேலே முக்கோணமாக அமைந்திருப்பதே திரிக எலும்பு. அதன் துளைகள் வழியே திரிக நரம்பு வேர்கள் இடுப்புக்குழிக்குள் வருகின்றன, பரிவு நரம்புத் தொடரும் அதன் முன்பரப்பில்தான் இறங்குகிறது. இடுப்புக்குழியின் பக்கச் சுவரை ஒட்டி உட்தொடைக்குச் செல்லும் ஆப்டுரேட்டர் நரம்பிலிருந்தும், சற்று மேலே சோவாஸ் தசையை ஒட்டியுள்ள தொடை நரம்பிலிருந்தும் கட்டிகள் எழலாம். இந்த இடங்கள் அனைத்தும் வயிற்றறையின் உள்ளுறைக்கு வெளியே இருப்பவை. கட்டி வளர்வதற்கு அங்கே தடை குறைவு என்பதால், எந்தத் தொந்தரவும் தராமல் பல சென்டிமீட்டர் வரை அது பெருத்துவிட முடிகிறது.

முதல் படி: நோயாளி சொல்வதைக் கேட்பது

பெரும்பாலோர் நரம்புத் தொந்தரவு என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கட்டி தெரிந்திருக்கும். அல்லது அடிவயிற்றில் மந்தமான கனம், நீண்ட நாள் மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு என்று கட்டியின் அழுத்தத்தால் வரும் தொந்தரவுகள் மட்டுமே இருக்கும். சிறுநீர்க்குழாய் அழுந்தினால் சிறுநீரகம் வீங்கலாம். இடுப்புச் சிரை அழுந்தினால் ஒரு கால் மட்டும் வீங்கலாம்.

வலி இருந்தால் அது எங்கிருந்து எங்கே பரவுகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கிப் பாதத்தின் வெளி ஓரத்தில் முடிந்தால் எஸ்1 (முதல் திரிக) நரம்பு வேரையும், காலின் வெளிப்புறமாக வந்து பெருவிரலில் முடிந்தால் எல்5 (கீழ் முதுகின் ஐந்தாம்) நரம்பு வேரையும், தொடையின் உட்புறத்தில் மட்டும் நின்றால் ஆப்டுரேட்டர் நரம்பையும் நினைக்கலாம். வலி உட்கார்ந்தால் கூடுகிறதா, இரவில் படுத்தால் கூடுகிறதா, மாதவிடாயோடு ஏறி இறங்குகிறதா என்பதையும் கேட்க வேண்டும். சுழற்சியாக வரும் கால் வலிக்கு இடுப்பு நரம்பின் மேல் படிந்த எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) காரணமாக இருக்கலாம். கீழ் முதுகின் எம்.ஆர்.ஐ. படம் இயல்பாக இருந்தும் கால் வலி தீராதவர்களிடம் இந்தக் கேள்விகளுக்கு மதிப்பு இன்னும் அதிகம். முதுகுத் தட்டு விலகலைத் தேடி எடுக்கும் படத்தின் எல்லைக்குள் இடுப்புக்குழி முழுவதும் வருவதில்லை என்பதை மருத்துவர்களே சில வேளைகளில் மறந்துவிடுகிறார்கள்.

தவறாமல் கேட்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, குடும்பத்தில் யாருக்கேனும் நரம்புக் கட்டிகளோ தோலில் பல மென்கட்டிகளோ உண்டா என்பது. மற்றொன்று, தலைவலி, படபடப்பு, வியர்வை ஆகியவை திடீர்த் தாக்குதலாக வருகின்றனவா, குறிப்பாகச் சிறுநீர் கழித்தவுடன் வருகின்றனவா என்பது. இதற்கு ஆம் என்ற பதில் கிடைத்தால், கட்டி அட்ரினலின் வகை வேதிப்பொருள்களைச் சுரக்கும் பாராகேங்ளியோமாவாக இருக்கலாம். அந்த ஐயம் தீரும் வரை ஊசியோ கத்தியோ கட்டியைத் தொடக்கூடாது.

பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், மலத்தை அடக்க முடியாமை ஆகியவை புதிதாகத் தோன்றியிருந்தால், இந்த வழிகாட்டியின் மற்றப் படிகளுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாம் படி: கையால் பரிசோதிப்பது

மலக்குடல் வழி விரல் பரிசோதனையைத் தவிர்ப்பது இங்கே பெரும் இழப்பு. திரிக எலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டி, மலக்குடலின் பின்சுவருக்கு அப்பால் வழவழப்பாக, உறுதியாக, அதிகம் நகராமல் விரலுக்குத் தட்டுப்படும். மலக்குடலின் உட்சவ்வு அதன் மேல் தடையின்றி வழுக்கிச் செல்லும். அழுத்தும்போது காலுக்குள் மின்னதிர்ச்சி போன்ற வலி ஓடினால் அது நரம்போடு தொடர்புள்ள கட்டி என்பதற்கு நல்ல தடயம். ஆசனவாய்த் தசையின் இறுக்கத்தையும் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் அறுவை சிகிச்சை நடந்தால், அதற்கு முன் நிலை என்னவாக இருந்தது என்பதற்கு இந்தக் குறிப்புதான் சான்று.

பிறகு கால்களின் தசை வலு, கணுக்கால் மற்றும் முழங்கால் அனிச்சை, தோல் உணர்வு, ஆசனவாயைச் சுற்றியுள்ள உணர்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தோலை முழு உடலிலும் பார்க்க வேண்டும்: பால்கலந்த காப்பி நிறப் புள்ளிகள் ஆறு அல்லது அதற்கு மேல், பருவமடைந்தவரில் 15 மி.மீ.க்கும், பருவமடையாதவரில் 5 மி.மீ.க்கும் பெரியவையாக இருப்பது, பல நரம்புக் கட்டிகளைத் தரும் மரபணு நோயான நியூரோபைப்ரோமடோசிஸ் முதல் வகையின் கண்டறி அளவுகோல்களில் ஒன்று. அக்குளிலும் தொடை இடுக்கிலும் உள்ள சிறு மச்சப் புள்ளிகளும் அப்படியே.

மூன்றாம் படி: இரத்தப் பரிசோதனையும் முதற்கட்டப் படங்களும்

ஷ்வானோமாவையோ நியூரோபைப்ரோமாவையோ காட்டிக்கொடுக்கும் இரத்தக் குறியீடு எதுவும் இல்லை. இரத்தப் பரிசோதனையின் பயன் மற்றவற்றை விலக்குவதில்தான் இருக்கிறது. பாராகேங்ளியோமா ஐயம் இருந்தால் இரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ, அட்ரினலின் வகைப் பொருள்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெப்ரின் அளவு. இளம் வயதினரிடம் இனப்பெருக்கச் செல்களிலிருந்து தோன்றும் கட்டிகளை விலக்க ஆல்பா பீட்டோபுரோட்டீனும் பீட்டா எச்.சி.ஜி.யும், சிறுநீர்க்குழாய் அழுந்தியிருந்தால் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின். சினைப்பைப் புற்றுக்காகப் பார்க்கப்படும் சி.ஏ.125 என்ற இரத்தக் குறியீடு உயர்ந்திருப்பதை வைத்துக் கட்டி சினைப்பையிலிருந்து வந்தது என்று முடிவு செய்யக்கூடாது. தீங்கற்ற பல நிலைகளிலும் அது உயரும்.

அல்ட்ராசவுண்ட் கட்டி இருப்பதைச் சொல்லும். எதிலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. ஷ்வானோமா உள்ளுக்குள் சிதைந்து நீர்ப்பைகளாக மாறும் இயல்புடையது என்பதால், பாதி திண்மமும் பாதி நீருமாகத் தெரிந்து, சினைப்பைக் கட்டி போலவே தோற்றம் தருகிறது. பெண்களிடம் இரு பக்கத்துச் சினைப்பைகளும் கட்டியிலிருந்து பிரிந்து தனியே தெரிகின்றனவா என்ற ஒரே கேள்விக்கு அறிக்கையில் விடை இருந்தாலே பாதி வேலை முடிந்தது. அந்த வரி இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பிக் கேட்பதில் தவறில்லை.

சி.டி. ஸ்கேன் எலும்பை நன்கு காட்டும். திரிகத் துளை ஒன்று வழவழப்பான விளிம்போடு அகன்று, சுற்றிலும் மெல்லிய கெட்டி வரம்பு இருந்தால், மெதுவாக வளர்ந்த கட்டி எலும்பைப் பல ஆண்டுகளாகத் தள்ளியிருக்கிறது என்று பொருள். எலும்பு கரைந்து விளிம்பு சிதறியிருந்தால் வேறு நோயை நினைக்க வேண்டும். கட்டிக்குள் சுண்ணப் படிவு பழைய ஷ்வானோமாவிலும் கேங்ளியோநியூரோமாவிலும் இருக்கலாம்.

நான்காம் படி: எம்.ஆர்.ஐ.

கண்டறிதலின் மையம் இதுவே. இடுப்புக்குழி முழுவதும், திரிக எலும்பு அதன் துளைகளோடு, படத்தில் திசுக்களை வேறுபடுத்திக் காட்டச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்துக்கு முன்னும் பின்னும், மூன்று தளங்களிலும் எடுக்கப்பட வேண்டும். வேண்டுகோள் படிவத்தில் ‘இடுப்புக் கட்டி’ என்று மட்டும் எழுதாமல், ‘நரம்புக் கட்டி ஐயம், எந்த வேரோடு தொடர்பு என்று அறிய வேண்டும்’ என்று எழுதினால் படமெடுக்கும் முறையே மாறும். நரம்புகளைத் தனித்துக் காட்டும் எம்.ஆர். நியூரோகிராபி வசதி இருந்தால் அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

படத்தை வாசிக்கும்போது முதலில் கட்டியைப் பார்க்காமல் அதைச் சுற்றியிருப்பவை எப்படி நகர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதே நல்ல பழக்கம். மலக்குடல் முன்னால் தள்ளப்பட்டிருக்கிறதா? இடுப்பு இரத்தக் குழாய்களும் சிறுநீர்க்குழாயும் முன்னோக்கியோ நடுக்கோட்டை நோக்கியோ ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா? அப்படியானால் கட்டி உள்ளுறைக்கு வெளியே, பின்புறத்திலோ பக்கச் சுவரிலோ பிறந்தது. சினைப்பைக் கட்டி அவற்றைப் பின்னோக்கியோ வெளிப்பக்கமாகவோ தள்ளும். சினைப்பைச் சிரை கட்டிக்குள் போய்ச் சேர்வதையும் பின்தொடர்ந்து பார்க்க முடியும். கருப்பையின் தசைக்கட்டியானால் கருப்பைக்கும் கட்டிக்கும் இடையே பாலம் போல இரத்தக் குழாய்கள் தெரியும். நீர் வெளிச்சமாகத் தெரியும் எம்.ஆர்.ஐ. வகையான டி2 படத்தில் அது பொதுவாகக் கருமையாக இருக்கும்.

அடுத்து, கட்டிக்குள் நுழையும் நரம்பையும் அதிலிருந்து வெளியேறும் நரம்பையும் தேட வேண்டும். தொடர்ச்சியான படங்களில் ஒரு நரம்பு கட்டியின் மேல்முனையில் கலந்து கீழ்முனையில் மீண்டும் தோன்றுவதைக் கண்டால், அதற்கு இணையான சான்று படத்தில் வேறு எதுவும் இல்லை. நரம்பு கட்டியின் ஓரமாக ஓடினால் ஷ்வானோமாவும், நடுவே ஊடுருவினால் நியூரோபைப்ரோமாவும் நினைவுக்கு வர வேண்டும்; பெரிய கட்டிகளில் இந்த வேறுபாடு மங்கிவிடும். திரிகத் துளைக்குள் ஒரு பகுதியும் இடுப்புக்குழிக்குள் ஒரு பகுதியுமாக, நடுவே இறுக்கிய உடுக்கை போன்ற வடிவம் இருந்தால் அது நரம்பு வேரிலிருந்து வந்தது என்பதற்கு வலுவான தடயம்.

கட்டியின் உள்தோற்றம் இதற்குப் பிறகே. நீர் கருமையாகத் தெரியும் டி1 படத்தில் தசையை ஒத்த அல்லது சற்றுக் குறைந்த வெளிச்சமும், டி2 படத்தில் மிகுந்த வெளிச்சமும் இருப்பது வழக்கம். டி2 படத்தில் நடுவில் கருமையும் சுற்றிலும் வெளிச்சமுமாகத் தெரியும் ‘இலக்கு வட்டக் குறி’ தீங்கற்ற நரம்புக் கட்டியை ஆதரிக்கிறது. நியூரோபைப்ரோமாவில் அது இன்னும் மிகுதி. ஆனால் நெடுநாள் இருந்த ஷ்வானோமா நீர்ப்பைகளும் இரத்தக் கசிவும் சுண்ணப் படிவுமாகக் கலங்கி, எந்தக் குறியையும் காட்டாமல் பயமுறுத்தும் தோற்றம் தரலாம். கேங்ளியோநியூரோமா நீண்டு வளைந்து, இரத்தக் குழாய்களைச் சுற்றி வளர்ந்தும் அவற்றை நெருக்காமல் விடுவதும், கான்ட்ராஸ்ட் மருந்தை மெதுவாக, தாமதமாக ஏற்பதும் அதன் தனித்தன்மைகள்.

ஐந்தாம் படி: ஒத்த தோற்றமுடையவற்றை விலக்குவது

இந்தப் பட்டியலில் முதலில் விலக்க வேண்டியது, அதிகம் காணப்படும் நோயை விட அதிக ஆபத்துள்ள நோயை. திரிக எலும்பின் முன்புறக் குறைபாடு வழியே மூளைத்தண்டுவட நீர்ப்பை இடுப்புக்குழிக்குள் பிதுங்கி வருவதுண்டு. இதில் திரிக எலும்பு பிறை போல ஒரு பக்கம் வளைந்து தெரியும், முக்கும்போது தலைவலி வரலாம். இதை நீர்ப்பைக் கட்டி என்று எண்ணி ஊசி செலுத்தினால் மூளையுறை அழற்சி ஏற்படக்கூடும். பிறவியிலேயே ஆசனவாய்க் குறைபாடும் திரிகக் குறைபாடும் சேர்ந்திருப்பவர்களிடம் இதைத் தேடியே ஆக வேண்டும்.

அடுத்தது கார்டோமா. இது திரிக எலும்பின் நடுக்கோட்டிலிருந்து எழுந்து எலும்பை அழிக்கும் புற்றுக்கட்டி. டி2 படத்தில் மிகப் பளிச்சென்று தெரியும். நரம்புக் கட்டியோ நடுக்கோட்டை விட்டு விலகி, ஒரு துளையை மையமாகக் கொண்டிருக்கும். திரிக நரம்பு வேர்களில் அமையும் டார்லோவ் நீர்ப்பைகள் பெரும்பாலும் ஆபத்தற்றவை. மூளைத்தண்டுவட நீரைப் போன்ற ஒரே சீரான வெளிச்சத்தோடு, கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்காமல் இருப்பதால் எளிதில் பிரித்தறியலாம். மலக்குடலுக்குப் பின்னால் அமையும் பிறவி நீர்ப்பைகள், பல வகைத் திசுக்கள் கலந்த கட்டியான டெராட்டோமா, எலும்பின் பெருஞ்செல் கட்டி, நிணநீர்ப் புற்று, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று, மலக்குடல் சுவரில் தோன்றும் ஜிஸ்ட் வகைக் கட்டி ஆகியவற்றையும் பட்டியலில் வைத்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: புற்றாக மாறியிருக்குமா என்று பார்ப்பது

நரம்புறையின் புற்றுக்கட்டி அரியது. ஆனால் நியூரோபைப்ரோமடோசிஸ் முதல் வகை உள்ளவர்களுக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 8 முதல் 13 சதவீதம் என்று மதிப்பிடப்படுகிறது. நெடுநாள் அமைதியாக இருந்த கட்டி சில மாதங்களில் வேகமாகப் பெருப்பது, வலி ஓய்விலும் விடாமல் இருப்பது, தசை வலு புதிதாகக் குறைவது, படத்தில் விளிம்பு சிதறிச் சுற்றியுள்ள திசு வீங்கியிருப்பது ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். அளவும் ஒரு குறியே. ஆனால் இடுப்புக்குழியில் தீங்கற்ற கட்டியே பெரிதாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதால், அளவை மட்டும் வைத்து அஞ்ச வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ.யின் நீர்ப்பரவல் படத்தில் பரவல் மிகக் குறைந்திருந்தால் ஐயம் கூடும்.

பெட் ஸ்கேன் பற்றி ஒரு எச்சரிக்கை: தீங்கற்ற ஷ்வானோமாவும் குளுக்கோஸை மிகுதியாக ஏற்று ஒளிரக்கூடும். ஆகவே ‘பெட் ஸ்கேனில் ஒளிர்கிறது, எனவே புற்று’ என்பது இந்தக் கட்டிகளில் செல்லாத வாதம். ஒளிராமல் இருப்பது ஆறுதல். ஒளிர்வது, பயாப்ஸிக்காக (திசுப் பரிசோதனைக்காக) செலுத்தும் ஊசி எந்தப் பகுதிக்குச் செல்ல வேண்டும் என்பதற்கு வழிகாட்டி.

ஏழாம் படி: பயாப்ஸி வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. படம் தெளிவாக நரம்புக் கட்டியைக் காட்டி, தொந்தரவும் இல்லாமல், எச்சரிக்கைக் குறிகளும் இல்லாதபோது, ஊசி செலுத்துவதால் வலியும் நரம்புக் காயமும் தவிர வேறொன்றும் கிடைக்காமல் போகலாம். மாறாக, படம் ஐயத்துக்கு இடமாக இருந்தாலோ, கார்டோமா, நிணநீர்ப் புற்று, நரம்புறைப் புற்று ஆகியவற்றில் ஒன்று பட்டியலில் மீதமிருந்தாலோ, பயாப்ஸி இல்லாமல் அறுவை சிகிச்சைக்குச் செல்வது துணிச்சல். ஏனெனில் இந்த நோய்களின் சிகிச்சை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானது.

எடுப்பதென்றால் மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சுவது பெரும்பாலும் போதாது, சி.டி. அல்லது அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலில் தடித்த ஊசியால் திசுத் துண்டுகள் எடுக்க வேண்டும். மலக்குடல் வழியாகவோ யோனி வழியாகவோ ஊசி செல்லக்கூடாது: கிருமித் தொற்று ஒரு காரணம், கட்டி புற்றாக இருந்தால் ஊசி சென்ற பாதை முழுவதையும் பின்னர் வெட்டியெடுக்க வேண்டிவரும் என்பது அதைவிடப் பெரிய காரணம். எனவே திரிக எலும்பின் ஓரமாக, பின்புறத்திலிருந்து செல்லும் பாதையை, அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். நீர்ப்பையாகச் சிதைந்த பகுதியில் எடுத்த துண்டு ஒன்றும் சொல்லாது. கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்ற திண்மப் பகுதியே இலக்கு. ஊசி கட்டியைத் தொட்டவுடன் காலுக்குள் கூரிய வலி பாய்ந்தால் நிறுத்திப் பாதையை மாற்ற வேண்டும்.

எட்டாம் படி: நுண்ணோக்கி சொல்வது

ஷ்வானோமாவில் செல்கள் நெருங்கிய பகுதியும் தளர்ந்த பகுதியும் மாறி மாறி அமையும். 1920-இல் இவற்றை விவரித்த நில்ஸ் அன்டோனியின் பெயரால் இவை அன்டோனி ஏ, அன்டோனி பி எனப்படுகின்றன. நெருங்கிய பகுதியில் உட்கருக்கள் வரிசை கட்டி நிற்கும் அமைப்பு, 1910-இல் அதை விவரித்த ஹோசே வெரோக்காய் பெயரால் வெரோக்காய் உருவம் எனப்படுகிறது. செல்களில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் சாயங்களில் எஸ்-100, சாக்ஸ்10 ஆகிய இரண்டும் கட்டி முழுவதும் அழுத்தமாக ஏறும். நியூரோபைப்ரோமாவில் இவை ஒரு பகுதி செல்களில் மட்டும் ஏறும்; சி.டி.34 சாயம் மற்றொரு பகுதியில் வலைபோல ஏறும். டெஸ்மின் ஏறினால் தசைக்கட்டியையும், சி.டி.117, டாக்1 ஏறினால் ஜிஸ்ட் கட்டியையும், பிராக்கியூரி ஏறினால் கார்டோமாவையும் எண்ண வேண்டும்.

இந்தப் படியில் இடுப்புக்குழிக் கட்டிகளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய பொறிகள் இரண்டு. நெடுநாள் இருந்து சிதைந்த ஷ்வானோமாவில் உட்கருக்கள் பெருத்துக் கோணலாகி, பார்ப்பதற்குப் புற்றுப்போல் இருக்கும். ஆனால் செல் பிளவு அரிதாகவே காணப்படும். மற்றொன்று செல் மிகுந்த ஷ்வானோமா. இந்த வகை விரும்பித் தோன்றும் இடங்களில் இடுப்புக்குழியும் ஒன்று. செல்கள் அடர்ந்து, வெரோக்காய் உருவங்கள் இன்றி, செல் பிளவுகளோடும் சில வேளை எலும்பரிப்போடும் வருவதால் இதைச் சார்கோமா (மென்திசுப் புற்று) என்று படித்துவிட எளிது. எஸ்-100 அழுத்தமாக ஏறியிருப்பதும், எச்3கே27எம்இ3 சாயம் இழக்கப்படாமல் இருப்பதும் இது தீங்கற்றது என்ற பக்கம் நிற்கும். இத்தகைய அறிக்கை வந்தால், பெரிய அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ தீர்மானிக்கும் முன், மென்திசுக் கட்டிகளில் அனுபவமுள்ள நோயியல் வல்லுநர் ஒருவரிடம் அதே கண்ணாடித் தகடுகளை இரண்டாம் கருத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒன்பதாம் படி: பெயர் தெரிந்த பின்

நரம்பின் தற்போதைய நிலையை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்: நரம்புக் கடத்தல் மற்றும் தசை மின்பதிவுச் சோதனை, சிறுநீர் கழித்த பின் பையில் மீதமிருக்கும் அளவு, தேவைப்பட்டால் சிறுநீர்ப்பை அழுத்தச் சோதனை. எந்த வேரிலிருந்து கட்டி எழுந்தது என்பது அறுவை சிகிச்சையால் எதை இழக்க நேரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரு பக்கத்துத் திரிக வேர்கள் போனாலும் மறுபக்கத்தவை நலமாக இருந்தால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு பெரும்பாலும் தப்பும். எஸ்2 முதல் எஸ்4 வரை இரு பக்கமும் போனால் தப்பாது.

பல ஷ்வானோமாக்கள் இருந்தாலோ, இளம் வயதிலேயே ஒன்று தோன்றியிருந்தாலோ, பல ஷ்வானோமாக்களைத் தரும் மரபணு நோய்களான ஷ்வானோமடோசிஸ் வகையை எண்ணித் தலையின் எம்.ஆர்.ஐ.யும் மரபணு ஆலோசனையும் வேண்டும். நியூரோபைப்ரோமா என்று வந்தால் கண் மருத்துவரிடம் கருவிழிப்படலத்தில் (ஐரிஸில்) உள்ள சிறு முடிச்சுகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நியூரோபைப்ரோமடோசிஸ் முதல் வகை உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகத் தோன்றிய மரபணு மாற்றம். எனவே குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது விலக்கும் காரணமாகாது.

அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவானால், ஆறு மாதம் கழித்து ஒரு எம்.ஆர்.ஐ.யும், அதில் மாற்றமில்லை என்றால் ஆண்டுக்கு ஒன்றும் பொருத்தமான இடைவெளி. ஒவ்வொரு முறையும் அதே முறையில் படமெடுத்து, கட்டியின் மூன்று அளவுகளையும் முந்தைய படத்தோடு மட்டுமல்லாமல் முதல் படத்தோடும் ஒப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு புறக்கணிக்கத்தக்கதாகத் தெரியும் வளர்ச்சி, ஐந்தாண்டுக் கணக்கில் பார்க்கும்போதுதான் புலப்படும். படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் நோயியல் அறிக்கையின் பிரதியையும் நோயாளி தம்மிடமே வைத்திருப்பது நல்லது.